ராம் விலை எப்ப இறங்கும்? – வாசகர் கேள்வி பதில்

கம்ப்யூட்டர், நெட்டு பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம். வந்த மெயில்ல பாதி ராம் விலை பத்தின புலம்பல்தான், அதனால அதையே முதல்ல எடுத்துக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னாடி 16 ஜிபி ராம் விலை கேட்டுட்டு வந்தேன். இப்ப போனா அதே கடைல அதே ஸ்டிக்குக்கு டபுளுக்கும் மேல சொல்றாங்க. கடைக்காரர் ஏமாத்துறாரா? கொஞ்ச நாள் பொறுத்தா இறங்குமா?
– கல்யாண வீடியோ எடிட்டர், கோயம்புத்தூர்

கடைக்காரர் மேல கோவப்படாதீங்க, அவருக்கே டிஸ்ட்ரிபியூட்டர் காலைல ஒரு ரேட்டு சாயங்காலம் ஒரு ரேட்டுன்னு சொல்லிட்டு இருக்காங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டாலும் சரி, கொழும்பு யூனிட்டி பிளாசால கேட்டாலும் சரி, சிங்கப்பூர் சிம் லிம்ல கேட்டாலும் சரி, 2025 கடைசில இருந்து எல்லா இடத்துலயும் இதே கதைதான்.

உலகத்துல மெமரி சிப் பெரிய அளவுல பண்றது மூணே கம்பெனி: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். இந்த மூணு பேர்கிட்டயும் இருக்குற ஃபேக்டரி அளவானது, ஒரு வேஃபர்ல, அதாவது சிப் வெட்டி எடுக்குற சிலிக்கான் தட்டுல, நம்ம ஸ்டிக்குக்கான சிப்பும் வெட்டலாம், ஏஐ டேட்டா சென்டர்ல போற எச்பிஎம்முக்கான சிப்பும் வெட்டலாம், ரெண்டுல எது லாபமோ அதுக்குத்தான் வேஃபர் போகும். எச்பிஎம்னா மெமரி சிப்பை எட்டு, பன்னெண்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல பொடிப் பொடித் துளை போட்டு செம்புல இணைச்சு, ஏஐ கணக்கு போடற ஜிபியு சிப் பக்கத்துலயே ஒட்டி வைக்கிற சமாச்சாரம். ஒரு ஜிபி எச்பிஎம் பண்றதுக்கு நம்ம ஸ்டிக்ல வர்ற டிடிஆர்5 ஒரு ஜிபி பண்றதை விட ஏறக்குறைய மூணு மடங்கு வேஃபர் வேணும்னு மைக்ரானே சொல்லியிருக்கு. என்விடியாவோட பி300 ஜிபியு ஒண்ணுல மட்டும் 288 ஜிபி இருக்கு. 16 ஜிபி ஸ்டிக் கணக்குல அது 18 ஸ்டிக், வேஃபர் செலவுல பார்த்தா அம்பது ஸ்டிக்குக்கும் மேல. ஒரே ஒரு ஜிபியுவுக்கு இவ்வளவு. இந்த மாதிரி ஜிபியுவை லட்சக்கணக்குல வாங்கி வைக்கிறாங்க, அக்டோபர் 2025-ல சாட்ஜிபிடி கம்பெனியான ஓபன்ஏஐ சாம்சங்கோடயும் ஹைனிக்ஸோடயும் கை குலுக்கினப்போ பேசின கணக்கு மாசத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரைக்கும். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு டிசம்பர்ல மைக்ரான் தன்னோட குரூஷியல் பிராண்டையே மூடுறதா அறிவிச்சுச்சு, நம்மள மாதிரி சில்லறையா ஸ்டிக் வாங்குறவங்களுக்காக கிட்டத்தட்ட முப்பது வருஷமா இருந்த பிராண்டு அது.

இதுக்கு முன்னாடியும் விலை ஏறியிருக்கு. 2011-ல தாய்லாந்து வெள்ளத்துல ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரி முழுகினப்போ டிஸ்க் விலை எகிறுச்சு, 2013-ல சீனாவோட வூஷி ஊர்ல ஹைனிக்ஸ் ஃபேக்டரி தீப்பிடிச்சப்போ ராம் விலை ஏறுச்சு. அதெல்லாம் விபத்து, சரி பண்ணதும் இறங்கிடுச்சு. இப்ப எதுவும் எரியலை, எதுவும் முழுகலை, ஃபேக்டரி எல்லாம் ஜோரா ஓடுது, சரக்கு நமக்கு வரலை அவ்வளவுதான். புது ஃபேக்டரி கட்ட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க, கட்டுறாங்க, ஆனா அமெரிக்கால மைக்ரானோட ஐடஹோ ஃபேக்டரில இருந்து முதல் வேஃபர் வரதே 2027-ன்னு சொல்றாங்க. போதாததுக்கு 2023-ல இதே கம்பெனிங்க சரக்கு தேங்கி பயங்கரமா நஷ்டப்பட்டாங்க, அந்த சூடு இன்னும் ஆறலை, அதனால ஏஐ மோகத்தை நம்பி கண்ண மூடிட்டு ஃபேக்டரி கட்ட யாருக்கும் தைரியம் கிடையாது. குஜராத் சானந்த்ல மைக்ரான் பிளான்ட் இருக்கேன்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க. அங்க நடக்குறது வெளில இருந்து வர்ற வேஃபரை வெட்டி, பேக் பண்ணி, டெஸ்ட் பண்ற வேலை. அதனால நம்மூர் விலை குறையும்னு எதிர்பார்க்க வேணாம்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். எடிட்டிங் டைம்லைன் ஓடும்போது டாஸ்க் மேனேஜர திறந்து மெமரிய பாருங்க. 80 சதவீதத்துக்குக் கீழயே நிக்குதுன்னா ராம் உங்க பிரச்சனையே இல்ல, 4கே ஃபுட்டேஜுக்கு பிராக்ஸி (சின்ன சைஸ் நகல்) போட்டு எடிட் பண்ணுங்க, போதும். 8 ஜிபி வச்சுக்கிட்டு 95 சதவீதத்துல திணறுதுன்னா வெயிட் பண்ணாதீங்க, இன்னைக்கு விலைக்கே வாங்கிடுங்க, முகூர்த்த சீசன்ல நாலு ஆர்டர் லேட்டானா போற காசு அதை விட ஜாஸ்தி. பழைய டிடிஆர்4 போர்டுன்னா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின செகண்ட்ஹேண்ட் ஸ்டிக் கிடைக்கும், வாங்கி ராத்திரி முழுக்க ராமை சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட விட்டு எரர் இல்லைன்னா தாராளமா போடலாம், ஆனா டிடிஆர்4 போர்டுல டிடிஆர்5 ஸ்டிக் நுழையவே நுழையாது, வெட்டு வேற இடத்துல இருக்கும், அதை செக் பண்ணாம வாங்கிட்டு வந்து கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க.

பொண்ணு இன்ஜினியரிங் சேருது. லேப்டாப் வாங்கப் போனா "ஏஐ லேப்டாப் எடுங்க சார், இல்லன்னா ரெண்டே வருஷத்துல பழசாயிரும்"ங்கான். சாதா லேப்டாப்ப விட இருவதாயிரம் கூட. எடுக்கவா வேண்டாமா?
– ரிட்டயர்டு வாத்தியார், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, மே 2024-ல மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ்னு ஒரு தரம் கொண்டு வந்துச்சு. அந்த ஸ்டிக்கர் வேணும்னா லேப்டாப்ல 40 டாப்ஸ் (செகண்டுக்கு 40 லட்சம் கோடி கணக்கு) வேகத்துல ஓடுற என்பியு, அதாவது ஏஐ வேலைக்குன்னே ஒரு சிப், இருக்கணும், 16 ஜிபி ராம் இருக்கணும், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கணும். சேல்ஸ்மேன் அந்த 40-ஐத்தான் பெருசா காட்டுவாரு. உங்க பொண்ணுக்கு நாலு வருஷமும் உபயோகப்படப் போறது அந்த 16 ஜிபி.

என்பியு சும்மா இல்ல, வீடியோ காலில் பின்னாடி இருக்குற சுவரை மங்கலாக்குறது, பேசுறதை எழுத்தா காட்டுறது இந்த மாதிரி வேலைய பேட்டரிய அதிகம் குடிக்காம செய்யும். ஆனா புள்ளைங்க இன்னைக்கு ஏஐன்னு சொல்றது சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி ஐட்டங்கள, அதெல்லாம் எங்கேயோ இருக்குற டேட்டா சென்டர்ல ஓடி பிரவுசர்ல பதில் வருது, பத்து வருஷப் பழைய லேப்டாப்லயும் அதே பதில்தான் வரும். லேப்டாப்லயே ஏஐ மாடலை இறக்கி ஓட்டணும்னு பொண்ணு பின்னாடி ஆசைப்பட்டா அப்பவும் டாப்ஸ் நம்பர் முக்கியம் கிடையாது, மெமரி வேகம்தான் முக்கியம். ஏன்னா ஒவ்வொரு வார்த்தைத் துண்டு எழுதும்போதும் மாடல் முழுசையும் ராம்ல இருந்து ஒரு தடவை படிச்சாகணும். 800 கோடி பாராமீட்டர் (மாடல் கத்துக்கிட்ட எண்கள்) இருக்குற மாடல்ல ஒவ்வொண்ணையும் நாலு பிட்டா சுருக்கினா அஞ்சு ஜிபிக்கு கிட்ட வரும், ரெண்டு ஸ்டிக் டிடிஆர்5-5600 போட்ட லேப்டாப் செகண்டுக்கு 90 ஜிபி படிக்கும், ஆக 90-ஐ 5-ஆல வகுத்தா 18, அதுதான் உச்சபட்ச வேகம், செகண்டுக்கு 18 துண்டு. என்பியுவோட டாப்ஸை டபுள் ஆக்கினாலும் இந்த 18 நகராது. ஒரே ஸ்டிக் போட்டு விக்கிற லேப்டாப்புன்னா இதுலயும் பாதிதான்.

அதனால கடைல கேக்க வேண்டிய கேள்வி வேற: ராம் போர்டோட ஒட்டினதா, கழட்டி மாத்துறதா? ஒட்டினதுன்னா வாங்கும்போதே 16 எடுத்துருங்க, பின்னாடி ஒண்ணும் பண்ண முடியாது. ராம் விலை இந்த லட்சணத்துல இருக்கும்போது 8 ஜிபி போட்டு கண்ணாடி மாதிரி பளபளப்பா நிறைய மாடல் இறக்குவாங்க, அதுல விழுந்துராதீங்க. இருவதாயிரத்தை மிச்சம் பண்ணி பொண்ணு கைல கொடுங்க, ஹாஸ்டல்ல செலவு இருக்கும்.

வைஃபை 7 ரௌட்டர் வாங்கினேன். பெட்டில 3600-ன்னு போட்டிருக்கு. ஸ்பீட் டெஸ்ட்ல 92 தாண்டவே மாட்டேங்குது. பிளான் 200 எம்பிபிஎஸ். ரௌட்டர் டூப்ளிகேட்டா?
– அபார்ட்மென்ட்வாசி, வேளச்சேரி

92, 93, 94-ன்னு ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நின்னா அது கிட்டத்தட்ட எப்பவும் வயர்தான். மாடில இருந்து இழுத்துட்டு வந்த லேன் கேபிள்ல எட்டு கம்பி இருக்கும், நம்ம கேபிள்காரர் அவசரத்துல நாலு கம்பிய மட்டும் கிரிம்ப் பண்ணிட்டுப் போயிருப்பாரு. நாலு கம்பில 100 எம்பிபிஎஸ்தான் போகும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். கனெக்டரை வெளிச்சத்துல பிடிச்சு கம்பிய எண்ணிப் பாருங்க. எட்டும் இருந்தா, கம்பெனிக்காரங்க ஃப்ரீயா மாட்டிட்டுப் போன பெட்டியோட லேன் போர்ட்டே 100-தானான்னு பாருங்க, பழைய பெட்டி நிறையது அப்படித்தான். இதை சரி பண்ணாம வைஃபை 7 இல்ல, வைஃபை 17 வாங்கினாலும் 92-தான் வரும்.

அந்த 3600 எப்படி வந்துச்சுன்னா, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 688-உம் 5 கிகாஹெர்ட்ஸ்ல 2882-உம் கூட்டி ரவுண்டு பண்ணினது. ஒரு போன் ஒரு நேரத்துல அந்த முழு 3600-ஐப் பார்க்காது. வைஃபை 7-ல நிஜமா புதுசா இருக்குற விஷயம் 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டுல 320 மெகாஹெர்ட்ஸ் அகலமா ஒரு சேனல், ரெண்டு பேண்டை ஒரே சமயத்துல பிடிச்சுக்கிற எம்எல்ஓ. உங்க 3600 பெட்டில 6 கிகாஹெர்ட்ஸே கிடையாது, டூயல் பேண்டு அது, கம்மி விலைல வர்ற வைஃபை 7 ரௌட்டர் பலதும் இப்படித்தான் வருது, ஸ்டிக்கர் மட்டும் 7. இந்தியால வீட்டுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் திறக்கறதுக்கான வரைவு விதி வந்ததே மே 2025-லதான், அதுவும் 5925-ல இருந்து 6425 வரைக்கும் 500 மெகாஹெர்ட்ஸ், வீட்டுக்குள்ள கம்மி பவர்ல. அமெரிக்காக்காரன் 2020-லயே 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்துட்டான். நம்ம 500-க்குள்ள 320 அகலச் சேனல் ஒண்ணுதான் அடங்கும், பக்கத்து ஃபிளாட்காரரும் வாங்கிட்டா ரெண்டு பேரும் அதையேதான் பங்கு போட்டுக்கணும்.

அப்புறம் 6 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுறதுல ரொம்ப மோசம், நம்மூர் கான்கிரீட்டும் ஒம்போது இஞ்ச் செங்கல் சுவரும் அதுக்கு ஆகவே ஆகாது. பெட்ரூம்ல சிக்னல் வரலைங்கிறவங்க ரௌட்டர் மாத்துறதுக்கு பதிலா ஒரு கேட்6 வயரை ஹால்ல இருந்து பெட்ரூமுக்கு இழுத்து அங்க வைஃபை பரப்புற ஒரு சாதா ஆக்சஸ் பாயின்ட் வைங்க. எலெக்ட்ரீஷியன் சுவரை உடைக்கணும்னு சொல்லுவாரு, ஏசி பைப்பு போற ஓட்டைல விட்டாலே வேலை முடிஞ்சுடும். ரௌட்டரை டிவி ஸ்டாண்டுக்குள்ள பூட்டி வைக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க.

பிரஸ்ல ஏழு கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 10, ஏழாவது ஜெனரேஷன் ஐ5. சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, மொத்தமா மாத்துங்கன்னு சர்வீஸ்காரர் கொட்டேஷன் கொடுத்துட்டார். மாத்தித்தான் ஆகணுமா?
– காலண்டர் பிரஸ், சிவகாசி

மொத்தமா மாத்தாதீங்க, அதுவும் இந்த ராம் விலைல. விண்டோஸ் 10 சப்போர்ட் 14 அக்டோபர் 2025-ஓட முடிஞ்சது நிஜம்தான், விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கிற செக்யூரிட்டி சிப்பும் இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனும் வேணும்னு கேக்குறதால ஒரு வருஷ வித்தியாசத்துல உங்க மெஷின் வெளில நிக்குது. நல்லா ஓடிட்டு இருக்குற மெஷினை ஒரு லிஸ்ட்டைக் காட்டி குப்பைனு சொல்றது எனக்குப் பிடிக்கலை, ஆனா செக்யூரிட்டி அப்டேட் இல்லாத மெஷினை நெட்டுல விடறது அதை விட மோசம்.

ஏழையும் ஒரே மாதிரி பார்க்காம பிரிச்சுப் பாருங்க. லேஅவுட் போடற மெஷின்ல இன்னும் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்டும் ஓடுதுன்னு நினைக்கிறேன், சிவகாசில பாதி பிரஸ் அப்படித்தான். பேஜ்மேக்கரோட கடைசி வெர்ஷன் வந்ததே 2001-ல, அதுக்கு விண்டோஸ் 10 என்ன 11 என்ன. அந்த மெஷின்களோட லேன் வயரைப் பிடுங்கிடுங்க, ஹார்ட் டிஸ்க் இருந்தா எஸ்எஸ்டி போடுங்க, ஃபைலை பென் டிரைவ்ல கொண்டு போங்க, பென் டிரைவை நெட்டு மெஷின்ல ஸ்கேன் பண்ணிட்டு. இன்னும் பல வருஷம் ஓடும். மெயில் பாக்குற, ஜிஎஸ்டி போடுற, பேங்க் வேலை பாக்குற ரெண்டு மெஷினை மட்டும் மாத்துங்க, எட்டாவது ஜெனரேஷன் ரீஃபர்பிஷ்டு போதும். வாட்ஸ்அப் வெப்புக்கும் டிசைன் காமிக்கறதுக்கும் மட்டும் ஒரு மெஷின் இருக்குன்னா அதுல லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க, தமிழ்99-ல டைப்பும் பண்ணலாம். காசு கொடுத்து அப்டேட்டை நீட்டிக்கிற வழியும் இருக்கு, கம்பெனிங்களுக்கு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் டபுள் டபுள். வீட்டு மெஷின்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ் பேக்கப் போட்டா காசு இல்லாமலே 13 அக்டோபர் 2026 வரைக்கும் அப்டேட் வரும்.

டிபிஎம் செக்கை ஏமாத்தி விண்டோஸ் 11 ஏத்தித் தர்றேன்னு யாராவது வருவாங்க. ஏறும். ஆனா அடுத்த பெரிய அப்டேட் வருமா வராதான்னு யாரும் கேரண்டி தர மாட்டாங்க, ஆடி மாசம் காலண்டர் ஆர்டர் குவியுற நேரத்துல அது நின்னுச்சுன்னா சர்வீஸ்காரர் போனை எடுக்க மாட்டார்.

நாங்கள் தீவுப் பக்கம் இருக்கிறம். ஃபைபர் வரேல்ல, 4ஜி சிக்னல் காத்தடிச்சால் போயிடும். ஸ்டார்லிங்க் வேண்டலாமோ? விலை கொஞ்சம் கூடத்தான், எண்டாலும் பிள்ளையளின்ர ஒன்லைன் வகுப்புக்குத் தேவையாக் கிடக்கு.
– நெடுந்தீவு

உங்க மாதிரி இடத்துக்குத்தான் அது பண்ணினதே. இலங்கைல லைசென்ஸ் ஆகஸ்ட் 2024-ல கொடுத்தாங்க, சேவை ஜூலை 2025-ல ஆரம்பிச்சது. பழைய சாட்டிலைட் நெட்டை நினைச்சு பயப்படாதீங்க. அது பூமிக்கு மேல 35,786 கிலோமீட்டர்ல நின்னுச்சு, கேள்வி மேல போய் கீழ வந்து பதில் மறுபடி மேல போய் கீழ வர ஒளி வேகத்துலயே கிட்டத்தட்ட அரை செகண்டு ஆகும், ஜூம்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒரே நேரத்துல நிறுத்துறது அதனாலதான். ஸ்டார்லிங்க் பறக்குறது 550 கிலோமீட்டர் சுமாருக்கு. தாமதம் மில்லிசெகண்டு கணக்குல ரெண்டு இலக்கத்துலயே நிக்கும், வகுப்புக்குத் தாராளம்.

ஆனா மாச வாடகைய மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, கரண்ட்டையும் பாருங்க. சாதா டிஷ் 75-ல இருந்து 100 வாட் வரைக்கும் விடாம இழுக்கும், மினி டிஷ் 25-ல இருந்து 40. சோலார், பேட்டரில ஓட்டறவங்களுக்கு இந்த வித்தியாசம் பெருசு. அடைமழைல சிக்னல் கொஞ்சம் விழும், அது அந்த அலைவரிசையோட குணம். பனை மரத்தடில வைக்காதீங்க, வானம் பரந்து தெரியணும், சாட்டிலைட் ஒண்ணு போய் இன்னொண்ணு வந்துக்கிட்டே இருக்கிறதால ஒரு ஓலை மறைச்சாலும் நிமிஷத்துக்கொரு தடவை விட்டு விட்டு வரும். உப்புக் காத்து, அதனால பிளக்கு கனெக்ஷனை நல்லா மூடி வைங்க. தனி வீட்டுக்கு விலை ஜாஸ்தின்னா நாலு வீடு சேர்ந்து பகிர முடியுமான்னு வாங்கற முன்னாடியே பிளான் விதிய படிச்சுக்கோங்க, வீட்டு பிளானை வெளில விக்க விட மாட்டாங்க.

ராமநாதபுரத்துல இருந்து இதே கேள்வி வந்திருக்கு, எப்ப இங்க வரும்னு. இந்தியால ஜூன் 2025-ல லைசென்ஸ் கொடுத்தாங்க. லைசென்ஸ் மட்டும் போதாது, அலைக்கற்றைக்கு விலை வைக்கணும், தரை நிலையம் கட்டணும், செக்யூரிட்டி சோதனை பாஸ் பண்ணணும். ஃபைபர் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருந்தா இதுக்காக காத்துட்டு இருக்காதீங்க, ஃபைபரை இது ஜெயிக்காது.

தோப்புல சிம் போட்ட ரௌட்டர் வச்சு நாலு கேமரா மாட்டியிருக்கேன். வீட்ல இருந்து ஐபி அட்ரஸ் அடிச்சா வரவே மாட்டேங்குதுங்க. போர்ட் ஃபார்வர்டு எல்லாம் யூடியூப் பார்த்து பண்ணிட்டேன்.
– பொள்ளாச்சி

வெளில இருந்து வர்றதை கேமராவுக்குத் திருப்பி விடற போர்ட் ஃபார்வர்டு நீங்க சரியாத்தான் பண்ணியிருப்பீங்க, ஆனா அந்த ஐபி உங்களுது இல்லைங்க. ஐபிவி4-ங்கிற பழைய அட்ரஸ் முறைல மொத்தமே 430 கோடி அட்ரஸ், உலக ஸ்டாக் பிப்ரவரி 2011-லயே காலி. அதனால மொபைல் கம்பெனிங்க ஆயிரக்கணக்கான பேரை ஒரே அட்ரஸ் பின்னாடி உக்கார வச்சிருக்காங்க, பெரிய லாட்ஜுக்கு ஒரே டோர் நம்பர் இருக்குற மாதிரி. உள்ள இருந்து வெளில போகலாம், வெளில இருந்து வர்றவன் எந்த ரூம்னு கேட்டா சொல்ல ஆள் கிடையாது. ரௌட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல உங்க ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவுல இருந்தா அதேதான், போர்ட் ஃபார்வர்டு மறந்துருங்க.

வழி மூணு. கேமரா பதிவு பண்ற டிவிஆர் பெட்டில இருக்குற க்யூஆர் கோடை கம்பெனி ஆப்ல ஸ்கேன் பண்றது, சுலபம், ஆனா படம் அவங்க சர்வர் வழியா போக வாய்ப்பு இருக்கு. ரெண்டாவது டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் ஆப்பை தோப்புல ஒரு சின்ன மெஷின்லயும் உங்க போன்லயும் போட்டு ரெண்டையும் தனியா இணைக்கிறது, நான் சிபாரிசு பண்றது இதுதான். மூணாவது ஐபிவி6, அட்ரஸ் பஞ்சமே இல்லாத புது முறை. சிம்முக்கு அது பெரும்பாலும் ஏற்கனவே வந்துட்டு இருக்கு, கேமராவும் ரௌட்டரும் ஒத்துழைக்கணும், கம்பெனி ஃபயர்வால் விடணும், பொறுமை வேணும். எதுவா இருந்தாலும் கேமராவோட வந்த பாஸ்வேர்டை முதல்ல மாத்துங்க. 2016-ல மிராய்ங்கிற வைரஸ் இந்த மாதிரி பாஸ்வேர்டு மாத்தாத கேமராவையும் டிவிஆரையும் கூட்டம் கூட்டமா பிடிச்சு சைட்டு பேரை ஐபி அட்ரஸா மாத்தித் தர்ற டிஎன்எஸ் வேலை பாக்குற டைன்ங்கிற கம்பெனிய அடிச்சுது, அமெரிக்கால ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அன்னைக்கு நின்னு போச்சு.

நெட்டு ஒரு பக்கம் அறுந்தா இன்னொரு பக்கமா சுத்திப் போகும்னு காலேஜ்ல படிச்சோம். அப்புறம் ஏன் ஒரு கம்பெனி விழுந்தா ஊரே விழுது?
– எக்ஸ்போர்ட் கம்பெனி ஐடி ஆள், திருப்பூர்

நீங்க படிச்சது வயருக்கும் ரௌட்டருக்கும் இன்னைக்கும் பொருந்தும். செப்டம்பர் 2025-ல செங்கடல்ல ஜெட்டா பக்கம் கேபிள் அறுந்தப்போ நமக்கு நெட்டு மந்தமாச்சு, ஆனா நிக்கலை, வேற வழியா சுத்திப் போச்சு. விழறது அதுக்கு மேல இருக்குற அடுக்கு. அக்டோபர் 20, 2025 அன்னைக்கு அமேசான் கிளவுடோட வர்ஜீனியா ரீஜியன்ல (டேட்டா சென்டர் தொகுப்புல) டைனமோடிபி டேட்டாபேஸோட டிஎன்எஸ் ரெக்கார்டை, ரெண்டு ஆட்டோமேட்டிக் புரோகிராம் ஒண்ணை ஒண்ணு முந்தி காலி பண்ணிடுச்சு. சர்வர் எல்லாம் நல்லா இருக்கு, அட்ரஸ் மட்டும் இல்ல. ஸ்னாப்சாட், சிக்னல், டுயோலிங்கோன்னு வரிசையா விழுந்துச்சு. நவம்பர் 18-ல கிளவுட்ஃபிளேர், பல சைட்டுக்கு முன்னாடி நின்னு காவல் காக்குற கம்பெனி. ஒரு டேட்டாபேஸ் பெர்மிஷன மாத்தினதுல பாட்களை (ஆள் மாதிரி சைட்டுக்குள்ள வர்ற புரோகிராம்களை) அடையாளம் காண உதவுற ஃபைல்ல ஒரே வரி ரெண்டு ரெண்டு தடவை வந்து ஃபைல் டபுளாச்சு, அளவு தாண்டினதும் புரோகிராம் கிராஷ். எக்ஸ், சாட்ஜிபிடி எல்லாம் போச்சு, எது விழுந்திருக்குன்னு பார்க்கப் போற டவுன்டிடெக்டரும் கூடவே போச்சு. ரெண்டு இடத்துலயும் ஹார்டுவேர் பழுது கிடையாது, ஹேக்கிங் கிடையாது.

திருப்பூர்ல உக்காந்துகிட்டு ரெண்டு கிளவுடுல சமமா ஓட்டறேன்னு கிளம்பாதீங்க, செலவும் டபுள், புதுசா தப்பு வர்ற இடமும் டபுள். அமேசான்ல இருந்தா மும்பைல ஓட்டி ஹைதராபாத் ரீஜியனுக்கு பேக்கப் அனுப்புங்க. டொமைன் ஒரு கம்பெனி, டிஎன்எஸ் ஒரு கம்பெனி, மெயில் ஒரு கம்பெனின்னு பிரிச்சு வைங்க, சைட்டு விழுந்தாலும் பையருக்கு மெயில் அனுப்பலாம். அன்னன்னைக்கு ஷிப்மென்ட் லிஸ்ட்டை ராத்திரி ஒரு ஃபைலா ஆபீஸ் மெஷின்ல இறக்கி வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்க. கன்டெய்னர் கிளவுடுக்காக தூத்துக்குடில நிக்காது.

ரிஸ்க்-ஃபைவ் படிச்சா வேலை கிடைக்குமா சார்? ஐஐடி மெட்ராஸ் சக்தி பிராசசர் பத்தி கேள்விப்பட்டேன்.
– இசிஇ மூணாவது வருஷ மாணவி, விருதுநகர்

படிங்கம்மா. 2010-ல அமெரிக்கால பெர்க்லி யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச, பிராசசருக்கான திறந்த கட்டளைத் தொகுப்பு அது, யாருக்கும் ராயல்டி கட்டாம பிராசசர் பண்ணலாம். அதை எடுத்து ஐஐடி மெட்ராஸ் காமகோடி சார் டீம் சக்தி பண்ணினாங்க, 2018-ல சண்டிகர் பக்கத்துல மொஹாலில இருக்குற அரசாங்க சிப் ஃபேக்டரி எஸ்சிஎல்லயே ஒண்ணு அடிச்சு எடுத்தாங்க, பிப்ரவரி 2025-ல இஸ்ரோவோட சேர்ந்து விண்வெளிக்கான ஐரிஸ் சிப்பை காமிச்சாங்க. இது உங்க லேப்டாப்ல இன்டெல்லுக்கு பதிலா வரப்போறது கிடையாது, பேப்பர்ல அப்படி எழுதுறதை நம்பாதீங்க. இதோட இடம் கன்ட்ரோலர்ல, சென்சார்ல, பெரிய சிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்குற குட்டி கோர்ல. என்விடியா ஜிபியுக்குள்ளயே ரிஸ்க்-ஃபைவ் கோர் இருக்கு. ராஸ்பெர்ரி பை பிக்கோ 2 ஒண்ணு வாங்குங்க, அஞ்சு டாலர் போர்டு, அதுல போன்ல எல்லாம் வர்ற ஆர்ம் வகை கோர் ரெண்டும் ரிஸ்க்-ஃபைவ் கோர் ரெண்டும் இருக்கு, ஒரே புரோகிராமை ரெண்டுலயும் ஓட்டி அசெம்பிளிய பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சிலபஸ்ல இன்னும் அந்தக் காலத்து 8085 பிராசசர்தான் இருக்கும்னு தெரியும், அதுக்கு நான் என்ன பண்ண.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா பேங்க் கணக்கு எல்லாம் உடைஞ்சுடுமாமே?
– தஞ்சாவூர்

அதுக்கான புதுப் பூட்டுக்கு அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பு நிஸ்ட் ஆகஸ்ட் 2024-லயே தரம் வெளியிட்டாச்சு, உங்க குரோம் பிரவுசர் பல சைட்டுல அதை ஏற்கனவே சத்தம் போடாம பயன்படுத்திட்டு இருக்கு. தூங்குங்க.

எல்லாம் சி-டைப்தானே, அப்புறம் ஏன் என் கேபிள்ல ஹார்ட் டிஸ்க் காப்பி ஆமை வேகத்துல போகுது?
– போட்டோகிராபர், திருச்சி

வாய் மட்டும்தான் ஒண்ணு. 240 வாட் சார்ஜ் தாங்குற தடி கேபிள் கூட உள்ள யூஎஸ்பி 2.0-ஆ இருக்கலாம், 480 எம்பிபிஎஸ்தான் போகும், கணக்குக்கு செகண்டுக்கு 60 எம்பி, கைக்கு வர்றது நாப்பது சொச்சம். போனோட வந்த கேபிள் பெரும்பாலும் இந்த ரகம். உங்க டிஸ்க்கோட பெட்டிக்குள்ள குட்டியா ஒரு கேபிள் வந்திருக்கும், நீளமா இல்லைன்னு டிராயர்ல போட்டிருப்பீங்க, அதை எடுங்க. எடுத்ததும் ரெண்டு கேபிளுக்கும் வேற வேற கலர்ல டேப் சுத்திடுங்க.